ராணிக்கு அம்மை போட்ட வாரம்

காலையில் பல் தேய்த்துக்கொண்டே கூடத்துக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மீன் தொட்டிக்கு முன்னால் அம்மா கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள். தொட்டியின் மூடிமேல் ஒரு கொத்து வேப்பிலை. தரையில் மஞ்சள் தண்ணீர் தெளித்த ஈரம். உள்ளே ராணி வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. இருவரும் சேர்ந்து ஏதோ மந்திரம் சொல்வதுபோல் இருந்தது.

"என்னம்மா இது?" என்றேன். வாய் நிறைய நுரை. "எழ்ழம்மா இழு" என்றுதான் அவளுக்குக் கேட்டிருக்கும்.

அம்மா திரும்பவில்லை. "மொதல்ல வாயக் கொப்புளிச்சுட்டு வா. ஆத்தா வந்திருக்கா."

"எங்க?"

"மீனு மேல."

கொப்புளித்துவிட்டு வந்து குனிந்து பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் உள்ளங்கை நீளம் இருக்கும் தங்கமீன் ராணி. அதன் இரண்டு செவுள் மூடிகளின் மேலும், ரவையைப் பொறுக்கி ஒட்டினாற்போல் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். முன்துடுப்புகளின் ஓரத்திலும் வரிசையாய் நாலைந்து.

என் முதல் சந்தேகம் அரியலூர்த் தண்ணீர்மேல். ராணி வளர்ந்தது அங்கேதான். அந்த ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் ஒரு சிமென்ட் ஆலையே ஆரம்பிக்கலாம், அவ்வளவு சுண்ணாம்பு.

"உப்புத் தண்ணி படிஞ்சிருக்கும்மா. புளி போட்டு லேசா தேச்சா போயிடும்."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் புளியைப் பற்றிப் பேசவில்லை.

வாளியில் வந்த விருந்தாளி

ராணி எங்கள் வீட்டு மீன் இல்லை. என் தங்கை அமுதாவின் மீன். அரியலூரில் வாழ்க்கைப்பட்டவள் அமுதா. கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை தங்கவில்லை. ஒரு தடவை தங்கி, பாதியில் கலைந்தும் போனது. அந்த நாட்களில் மாப்பிள்ளை செந்தில் ஒரு கண்ணாடித் தொட்டியும் கொஞ்சம் மீன்களும் வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். சிமென்ட் ஆலையில் ஷிப்டு வேலை அவருக்கு. வீட்டில் இல்லாத நேரத்தில் இவளுக்கு ஒரு துணையாக இருக்கட்டும் என்று.

அப்புறம் ஒருவழியாக அமுதா உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால், வளைகாப்பு முடிந்த கையோடு பெரம்பலூருக்கு அழைத்துவரப் போனோம். அவள் பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால் ராணியைக் கட்டிவிட்டாள்.

"மத்த மீனெல்லாம் கெடக்கட்டும்ண்ணே. பொடி மீனு, ஒண்ண ஒண்ணு பாத்துக்கும். இவள மட்டும் உங்க மாப்ளய நம்பி வுட முடியாது. ஷிப்டு முடிஞ்சு வந்தா அவருக்கு அவரு சாப்புட்டாரான்னே ஞாபகம் இருக்காது."

மாப்பிள்ளை மறுத்துப் பேசவில்லை. சாப்பிட்டோமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுவி, மூடியில் துளை போட்டு, தண்ணீரோடு ராணியை விட்டு, வாளியை என் மடியில் ஏற்றினார்கள். சின்னத் தொட்டி ஒன்று மாப்பிள்ளையின் பைக்கில் போர்வை சுற்றிப் பின்னால் வந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் வாளியைப் பார்த்தார்.

"என்னங்க உள்ள?"

"மீனுங்க."

"மீனெல்லாம் ஏத்தக் கூடாதுங்க. நாத்தம் அடிக்கும், நாலு பேரு ஏசுவாங்க."

"உசுரோட இருக்குங்க. வளக்குற மீனு."

அவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கைநிறைய வளையலோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அமுதாவைப் பார்த்தார்.

"வளைகாப்பு முடிஞ்சு பொறந்த வூட்டுக்குப் போவுதுங்களா?"

"ஆமாங்க."

"யாரு, மீனா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. சிரிக்காதவன் நான் ஒருவன்தான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு கை தண்ணீர் என் மடியில் கொட்டிக்கொண்டிருந்தது. பெரம்பலூரில் இறங்கும்போது என் பேண்ட்டைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

வந்து கொஞ்ச நாளில் அமுதாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. கால் வீங்கியது. "பிரசவம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும், எங்க கண்ணு முன்னாடி" என்று டாக்டரம்மா படுக்கையில் சேர்த்துவிட்டார். கிளம்பும்போது எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அதிர்ச்சியா எதுவும் சொல்லாதீங்க. மனசு லேசா இருக்கணும்."

என் மனைவி சுதா துணைக்கு ஆஸ்பத்திரியில் தங்கினாள். வீட்டில் அம்மா, நான், ராணி. அமுதா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் வர்ற வரைக்கும் ராணியப் பாத்துக்கண்ணே."

பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டே இருக்கும்போதுதான் புள்ளி வந்தது.

தாளிக்காத வீடு

அம்மை போட்ட வீட்டின் சட்டதிட்டங்கள் எனக்கு மனப்பாடம். வாலிகண்டபுரத்துப் பக்கம் நாங்கள் இருந்த காலத்தில், எனக்குச் சின்ன வயதில் போட்டிருக்கிறது. வேப்பிலைமேல் படுக்கை. கேழ்வரகுக் கூழ். தாளிக்கிற வாசனை ஆகாது, மீன் கறி ஆகாது. யார் வீட்டுக்கும் போகக் கூடாது, யாரும் வரக் கூடாது. அப்போது அமுதா பொடிசு. உள்ளே வர விடமாட்டார்கள். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, சாமி உன்கிட்ட என்ன பேசுது?" என்று கேட்பாள். "உனக்கு மிட்டாய் வாங்கித் தரக் கூடாதுன்னு சொல்லுது" என்பேன். அழுதுகொண்டே ஓடுவாள். அப்போதிருந்தே நான் நல்ல அண்ணன்.

அந்தச் சட்டதிட்டம் முழுவதையும் அம்மா இப்போது ஒரு தங்கமீனுக்காக அமல்படுத்தினாள். ரசத்தில் கடுகு இல்லை, குழம்பில் வெங்காயம் வதக்கவில்லை. எல்லாமே வெந்நீரின் வெவ்வேறு நிறங்களாக இருந்தன. கறிக்கடைப் பக்கம் போகக் கூடாது என்றாள். "மீனு சாப்புடவே கூடாது. அதுக்கு எதுத்தாப்லயே உக்காந்து திங்கறது எப்பயுமே நல்லா இல்ல" என்று கூடுதலாக ஒரு நியாயமும் சேர்த்துக்கொண்டாள்.

இதெல்லாம் என் நாக்கோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்துச் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

"அம்ம போட்ட வூட்டுலேருந்து புள்ளத்தாச்சிய பாக்கப் போவக் கூடாது. நான் ஆஸ்பத்திரிக்கி வரல."

"அம்மா, அது மீனும்மா!"

"மீனுன்னா ஆத்தா இல்லியா? ஏற்கெனவே ஒண்ணு தவறிப்போன வயிறுடா அது. நீ வேணும்னா வேப்பெல தண்ணில குளிச்சுட்டுப் போ. கட்டிலுகிட்ட போவாத. வாசல்லயே நின்னு பேசு."

அவள் குரல் கடைசியில் கொஞ்சம் நடுங்கியது.  தினமும் மகளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய், தலையைத் தடவிவிட்டு வருகிறவள், அன்றிலிருந்து தூக்குவாளியை என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சேகர்

பெரம்பலூரில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் சேகர் நான் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். இன்றைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. மெஷினைப் பார்த்துப் பார்த்து, எதைப் பார்த்தாலும் கோளாறு கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. கையில் போன் வந்த பிறகு அது முற்றிவிட்டது.

ஒருமுறை வரதராஜன்பேட்டையில் ஒரு கல்யாண வீட்டில் இடது கை மரத்துப்போய், போனில் தேடி, எனக்கு மாரடைப்பு என்று நானே கண்டுபிடித்து, சுதாவிடம் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்பது வரைக்கும் சொல்லி முடித்துவிட்டேன். அவள் நிதானமாக என் கையைத் தூக்கிப் பார்த்தாள். "ஏங்க, கைமேல தல வச்சு அவ்ளோ நேரம் தூங்குனீங்க. மரத்துப்போவாம சிலிர்த்துக்கவா செய்யும்?" என்றாள். அந்தச் சாவியை அவள் இன்று வரை திருப்பித் தரவில்லை.

ராணியின் புள்ளிகளையும் போனில் தேடினேன். போன் நொடியில் சொல்லிவிட்டது: வெள்ளைப்புள்ளி நோய். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி, மீனின் தோலுக்குள் புகுந்து உட்கார்ந்து புள்ளி புள்ளியாகத் தெரியும், விட்டால் மீன் செத்துவிடும். கடைசி வார்த்தையைப் படித்ததும் எனக்கே இடது கை மரத்தது.

போனைக் குறை சொல்ல மாட்டேன். அது எல்லாம் சொல்லியிருந்தது. அந்த நோயில் புள்ளி உடம்பு, வால், துடுப்பு என்று வித்தியாசம் பார்க்காமல் சிதறும், தினம் பெருகும். அரிப்பு தாங்காமல் மீன் கல்லிலும் கண்ணாடியிலும் போய் உரசும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடக்கும், தீனி எடுக்காது. எல்லாம் எழுதியிருந்தது. நான்தான் 'வெள்ளைப்புள்ளி' என்ற தலைப்பைப் பார்த்ததும் நேரே 'சிகிச்சை' என்ற இடத்துக்குத் தாவிவிட்டேன். மிக்ஸியோடு வருகிற விளக்கப் புத்தகத்தையும் நான் இப்படித்தான் படிப்பேன்.

சிகிச்சை: கல் உப்பு. அளந்து போட்டேன். அம்மா வந்து மஞ்சளைக் கரைத்து ஊற்றினாள். நான் போன பிறகு இன்னும் கொஞ்சம் வேப்பிலையை உள்ளேயே போட்டாள். மறுநாள் நான் உப்புப் போடும்போது எட்டிப் பார்த்து, "ஊறுகாயாடா போடுற?" என்றாள்.

"நீதானம்மா மஞ்சத்தூள் போட்ட? இன்னும் மொளகாத்தூள் ஒண்ணுதான் பாக்கி."

"வாயக் கழுவு. அது காதுல வுழுவப் போவுது."

ராணி இரண்டு வைத்தியத்தையும் பொறுத்துக்கொண்டது. தீனி போட்டால் ஓடி வந்து தின்றது. துடுப்பை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் உலாவியது. எதிலும் உரசவில்லை. புள்ளி கூடவுமில்லை, குறையவுமில்லை. நோயாளி இவ்வளவு தெம்பாக இருக்கிறதே என்று நல்ல வைத்தியன் யோசித்திருப்பான். நான், மருந்து போதவில்லை என்று முடிவு செய்தேன்.

கழற்றினேன், மாட்டினேன்

எந்தக் கோளாறாக இருந்தாலும் கடைசியில் நான் செய்வது ஒன்றுதான்: முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது. மாட்டி முடித்ததும் ஒரு ஸ்க்ரூ மிச்சமிருக்கும். அதைப் பற்றிக் கேட்கிற வாடிக்கையாளரிடம் "அது கம்பெனியே எக்ஸ்ட்ராவா போட்டதுங்க" என்பேன்.

அன்று காலையில் ராணியை வாளிக்கு மாற்றிவிட்டுத் தொட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப் போனேன். கண்ணாடியைப் பாத்திர சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கூழாங்கல்லைக் கொதிக்கவைத்தேன். தண்ணீரை வடிகட்டும் ஃபில்டருக்குள் ஒரு ஸ்பாஞ்ச் இருந்தது. காக்கி நிறத்தில் வழவழவென்று, பார்க்கவே குமட்டியது. நோய் இங்கேதான் குடியிருக்கிறது என்று அதைப் பிழிந்து, சோப்பில் ஊறவைத்து, மறுபடி பிழிந்து, வெளேரென்று ஆனதும் வெயிலில் காயப்போட்டேன். அன்றைக்கென்று பார்த்து முனிசிபாலிட்டி குடிநீர் வந்தது. பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கைத் துளைக்கிற புத்தம்புதுத் தண்ணீர். அதையே நிரப்பினேன்.

தொட்டி கடையில் வைத்ததுபோல் மின்னியது. ராணியை விட்டேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்க்ரூ எதுவும் மிச்சமில்லை என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது ராணி தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. செவுள்கள் படபடவென்று அடித்தன. தீனி போட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விசிறியாய் இருந்த துடுப்பு மடங்கி உடம்போடு ஒட்டியிருந்தது.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவ காதுக்குப் போச்சுன்னா..."  அதற்கு மேல் யோசிக்க எனக்கு விருப்பமில்லை.

சிலிண்டர் காட்டிக்கொடுத்தது

ஆஸ்பத்திரியில் வழக்கம்போல வாசற்படியிலேயே நின்றேன். சுதா தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள்.

"ராணி எப்படி இருக்கா?" என்றாள் அமுதா.

"ஜம்முனு இருக்கா." முன்னேற்பாடாக, பழைய வீடியோ ஒன்றைப் போனில் எடுத்து வைத்திருந்தேன். அதை எட்டத்தில் இருந்தபடியே சுதாவிடம் கொடுத்துக் காட்டச் சொன்னேன்.

அமுதா பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "அண்ணே, பின்னாடி தெரியுறது எங்க வூட்டு கேஸ் சிலிண்டர். இது அரியலூர்ல எடுத்தது."

நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தேன்.

"சரி, அது கெடக்கட்டும். நீ ஏன் உள்ள வரமாட்டேங்குற? அம்மா ஏன் இத்தன நாளா வரல? போன்ல கேட்டா வேலை இருக்குங்குறாங்க. அவங்களுக்கு என்ன வேல?" அவள் கண் கலங்கிவிட்டது. "அம்மாவுக்கு ஏதோ ஆயிருக்கு. மறைக்கிறீங்க. அண்ணி, நீங்களாச்சும் சொல்லுங்க."

சுதாவுக்கே தெரியாது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் பீரோ சாவி மட்டுமல்ல, கடைச் சாவியும் போய்விடும் போலிருந்தது. அதிர்ச்சியா எதுவும் சொல்லாதீங்க என்று டாக்டரம்மா சொன்னதும் காதில் கேட்டது, தங்கச்சி மூக்கை உறிஞ்சுவதும் காதில் கேட்டது.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல அமுதா. நல்லாத்தான் இருக்காங்க. மீனுக்குத்தான் அம்மை போட்டுருக்கு."



"என்னது?"

சொன்னேன். வேப்பிலை, கூழ், தாளிக்காத ரசம், புள்ளத்தாச்சியைப் பார்க்கக் கூடாது என்று அம்மா வாசலிலேயே நின்றுவிடுவது, எல்லாம். அமுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அவள் குரலே மாறிவிட்டது.

"புள்ளி எங்க இருக்கு?"

"செவுளு மேல. முன் துடுப்பு ஓரத்துல."

"வால்ல?"

"இல்ல."

"ஒடம்புல?"

"இல்ல."

"கல்லுல ஒரசுனாளா?"

"இல்ல."

"புள்ளி வந்தப்பறம் சாப்புட்டாளா?"

"என்னய விட நல்லா சாப்புட்டா. எனக்குத்தான் தாளிப்பு இல்ல."

அமுதா தலையணையில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வளையல் எல்லாம் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சத்தம் கேட்டு வந்த நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டே அதட்டினார்: "ஏம்மா, இப்டிச் சிரிச்சா நான் எதப் பாக்குறது? கொஞ்சம் சும்மா இரு."

"அண்ணே, அது நோயே இல்ல. போன வருஷமும் இதே பனி வுடுற நேரத்துல வந்துச்சு. நானும் பயந்துபோயி மீனு வளக்குறவங்க வாட்ஸாப் குரூப்புல போட்டோ போட்டுக் கேட்டேன். ஆம்பள தங்கமீனுக்கு, ஜோடி தேடுற பருவத்துல அப்டி வருமாம். செவுள்ளயும் முன் துடுப்புலயும் மட்டுந்தான் வரும். தானா போயிடும்."

"ஆம்பளையா? அப்ப ராணி?"

"பேரு வச்ச பெறகுதான் தெரிஞ்சுது."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. வளையலை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்: "அப்ப யாருகிட்டண்ணே சொல்றது? புள்ள இல்லாத வூட்டுல, மீனு ஆம்பளையா பொம்பளையான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்னு பேசுவாங்க. வுட்டுட்டேன்."

நான் வாசற்படியைத் தாண்டி உள்ளே போய்க் கட்டிலருகில் நின்றேன். அப்போதுதான் அவள் கேட்டாள்:

"சரி, நீ வைத்தியம் எதுவும் பண்ணலல்ல?"

மாப்பிள்ளை கொண்டுவந்த சீர்

நான் ஸ்பாஞ்ச் விஷயத்துக்கு வந்ததும் அவள் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"சோப்பு போட்டா கழுவுன?"

"வெள்ளையாயிடுச்சு."

"ஐயோ அண்ணே! அந்த அழுக்குதான் உசுரு. கண்ணுக்குத் தெரியாத கிருமி அதுல இருந்துக்கிட்டு, மீனு போடுற கழிவெல்லாம் தின்னு தண்ணியக் காப்பாத்தும். நல்ல கிருமி. அதக் கொன்னுட்டு, மேல பிளீச்சிங் தண்ணியையும் ஊத்தியிருக்க. நோயில்லாத மீனுக்கு நீதான் நோயக் குடுத்திருக்க."

இவ்வளவு சரியாக என் தொழிலை இதுவரை எந்த வாடிக்கையாளரும் விளக்கியதில்லை.

ஆனால் அவள் அழவில்லை. நான் பயந்ததுபோல் ரத்த அழுத்தமும் ஏறவில்லை. படுக்கையில் இருந்தபடியே போனை எடுத்து இரண்டு பேருக்கு உத்தரவு போட்டாள். முதல் உத்தரவு அம்மாவுக்கு: நாலு நாளைக்கு ஒருமுறை வருகிற குடிநீரை அம்மா பிடித்து வைக்கும் டிரம்மில், போன தடவை பிடித்து நாள்பட்டு வாசனை போன தண்ணீர் மிச்சம் இருக்கும். தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டு அதை ஊற்ற வேண்டும். வேப்பிலை வெளியே. தீனி கிடையாது. காற்று மோட்டார் நிற்கக் கூடாது. இரண்டாவது உத்தரவு மாப்பிள்ளைக்கு.

அன்று மாலை வெயில் தாழும் நேரத்தில் செந்தில் வந்து சேர்ந்தார். கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சுவாமி பிரசாதம் கொண்டுவருபவரைப் போல் படியேறினார்.

"வாங்க மாப்ள" என்றாள் அம்மா. "என்ன அது?"

"அழுக்குங்க அத்த."

அரியலூர்ப் பெரிய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கவைத்துக் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்தார். காக்கி நிறத்தில் வழவழவென்று, நான் குமட்டிக்கொண்டே கழுவியதின் உடன்பிறப்பு.

"எத்தன வருஷமா இந்த வூட்டுலேருந்து சீர் வாங்கியிருக்கேன் மச்சான். இன்னைக்குத்தான் நான் ஒண்ணு கொண்டாந்துருக்கேன்" என்றார் என்னிடம். "பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருந்த பெரியவரு, என்ன தம்பி கமகமன்னு வருதே, கருவாடான்னாரு. ஆமான்னுட்டேன்."

அந்த அழுக்கை ஃபில்டருக்குள் வைத்தோம். டிரம் தண்ணீர் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. பிறகு மூன்று பெரியவர்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ஒரு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஆத்தாவை வேண்டுகிறாளா, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை வேண்டுகிறாளா என்று நான் கேட்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ராணியின் செவுள் அடிப்பது கொஞ்சம் நிதானமாயிருந்தது. மேல்மட்டத்தை விட்டு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. அதற்கே மாப்பிள்ளை என் தொடையில் ஓங்கித் தட்டினார்.

மறுநாள் காலையில் என்னை எழுப்பியது ஒரு சத்தம். படபடவென்று கடுகு வெடிக்கிற சத்தம். அதோடு கறிவேப்பிலை வாசனை. எழுந்து ஓடினேன். தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, துடுப்பை விசிறியாய் விரித்து, தீனி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தது ராணி. புள்ளிகள் அப்படியே இருந்தன, கல்யாண மாப்பிள்ளைக்குச் சந்தனம் வைத்ததுபோல.

"தலைக்குத் தண்ணி ஊத்த வேணாமாம்மா?" என்று சமையலறையைப் பார்த்துக் கேட்டேன். அம்மை இறங்கினால் அதுதான் முறை.

"அது தண்ணிலயேதானடா கெடக்குது" என்றாள் அம்மா. தூக்குவாளியை மூடி, புடவையை மாற்றிக்கொண்டு, எங்கள் யாருக்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள்.

இன்னும் ஒரு புள்ளி

கொஞ்ச நாளில் அமுதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். மாப்பிள்ளை, "ராணிங்குற பேரு இப்ப காலியாத்தான இருக்கு?" என்று ஆரம்பித்து, அமுதா பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த அன்று குழந்தையைக் கூடத்தில் கிடத்தி எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். ஜன்னல் வெளிச்சம் அதன் முகத்தில் விழுந்தது. நான் குனிந்தேன். குட்டி மூக்கின்மேல், ரவையைப் பொறுக்கி ஒட்டினாற்போல் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். கன்னத்திலும் ரெண்டு.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கண் கொல்லையில் நிற்கும் வேப்பமரத்துப் பக்கம் போனது. என் கை சட்டைப் பைக்குள் இருந்த போனுக்குப் போனது.

"அண்ணே, கைய வெளிய எடு" என்றாள் அமுதா, குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல். "நர்ஸம்மாகிட்ட அப்பவே கேட்டுட்டேன். பொறந்த புள்ளைக்கு மூக்குல இப்டி வருமாம், ஒண்ணும் பண்ண வேணாம், தானா போயிடுமாம்."

 தொட்டியில் ராணி வாயைத் திறந்து மூடியது.

"அம்மா, நீ எழுந்து போயி கொழம்பத் தாளி" என்றாள் அமுதா.